சீராக வந்த நீலம்

பெயின்ட் டப்பாவின் மூடியில் கடைக்காரர் அடையாளத்துக்குத் தொட்டு வைத்திருந்த பொட்டு நீலமா பச்சையா என்று இன்றைக்குக் கேட்டால் லோகாம்பாள் உடனே பதில் சொல்லமாட்டாள். நீலம் என்பாள். சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, பச்சைதானோ என்பாள். அன்று அவள் கையில் ஒரு பட்டுத் துண்டும் இருந்தது. துணியின் நிறத்தையும் டப்பாவின் நிறத்தையும் அவள் ஞாபகம் ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டது. சொல்கிற நமக்கும் அதைப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. யார் முதலில் பேசினார்கள், யார் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார்கள் என்பதிலும் முன்பின் இருக்கலாம்.

நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அன்று மாலை திரிஷா அந்த வீட்டுக்கு வருவதாக இருந்தாள்.

காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் உரக்கடை வைத்திருக்கும் ராமலிங்கம், தன்னைக் கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட மகன் விமல்ராஜோடு வெகுகாலம் பேசவில்லை. பெண் வேறு சாதி. அவளுடைய அப்பா இளங்கோவன் பெயின்ட் மேஸ்திரி, அம்மா எல்லம்மாள் ப்ளவுஸ் தைப்பவள். திரிஷா காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். அவளும் விமல்ராஜும் பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். தன் வீட்டின் மேல் மாடி கட்டி முடிந்த பிறகுதான் ராமலிங்கம் இறங்கி வந்தார். சென்ற வாரம் லோகாம்பாள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மறுமுனையிலிருந்த திரிஷாவிடம் "வாம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வார்த்தைக்குக் காத்திருந்த காலத்தில் லோகாம்பாளின் தலை முக்கால்வாசி வெளுத்துவிட்டது.

காலையில் விமல்ராஜ் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வந்து, இரண்டு பெரிய பெயின்ட் டப்பாக்களை வாசலில் இறக்கினான். "மாடி முகப்புக்கு. சாயங்காலம் அவளையும் இட்டுக்கினு வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஒரு டப்பாவின் கைப்பிடியில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டுத் துண்டு முடிந்திருந்தது. திரிஷாவின் கல்யாணப் புடவையோடு வந்த ப்ளவுஸ் துணியில் மிஞ்சியது. அந்த நிறத்தில்தான் சுவர் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். வாய் திறந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த ராமலிங்கம் டப்பாவின் முன்னால் நின்றார். மூடியிலிருந்த பொட்டைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அந்தப் பொட்டின் பக்கத்தில் விழுந்தது.

"இது இன்னா கலரு?"

"விமல் எறக்கி வெச்சிட்டுப் போனான். மாடிக்கு."

"கலரு இன்னான்னு கேட்டேன்."

"நீலம்" என்றாள் லோகாம்பாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். தெருவில் தண்ணீர் வண்டி வந்து, நின்று, போனது. அவர் கத்தினால் லோகாம்பாளுக்குப் பயமில்லை. இப்படி உட்கார்ந்தால்தான் பயம்.

"பச்சைன்னு சொன்னான். அன்னிக்கி அந்தத் துண்டை என் கையில குடுத்துக் காட்னான். பச்சைன்னு பாத்துதான் தலையாட்னேன்."

"புள்ள மறந்துட்டிருப்பான்."

"மறக்கல. சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க."

"கலருதானேங்க. வானம்கூட நீலமாத்தான் இருக்குது."

"வானத்தை எவனும் என் வூட்டு மேல அடிக்கல." அவர் குரல் தாழ்ந்தது. "ரோட்டைப் பாத்த சுவரு லோகு. மாகறல்லருந்து என் அண்ணன் தம்பிங்க பால் காய்ச்ச வருவானுங்க. பஸ்ஸை விட்டு எறங்கனதும் கண்ல படறது அந்தச் சுவருதான். நீலம் அவங்க கொடி கலரு. ராமலிங்கம் வூடு காலனி வூடாயிட்ச்சின்னு சொல்லுவானுங்க. எலெக்ஷன்ல நிக்கப் போற ஆளு நானு."

காலனி என்ற அந்த வார்த்தை வீட்டுக்குள் இத்தனை நாள் யார் வாயிலிருந்தும் வராமல் இருந்தது. இன்றைக்கு, அந்தப் பெண் வருகிற நாளில், வந்துவிட்டது.

"அவ வர்றதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. நீயே போயி கடையில குடுத்துட்டு வா. நான் போனா நாலு பேரு விசாரிப்பான்."

"அவ ஆசைப்பட்டுக் கேட்ட கலருங்க. திருப்பினோம்னு தெரிஞ்சா வாசப்படி மிதிப்பாளா? அவ திரும்பிப் போனா இவனும் போவான். அப்புறம் வரமாட்டான்."

"அதான் தெரியாம குடுத்துட்டு வான்றேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். போகிறபோக்கில், "வாம்மான்னு சொன்ன வாய் இது. அதே வாயால வேற எதையாவது சொல்ல வெக்காத" என்றார்.

லோகாம்பாள் அந்த வாசலிலேயே நெடுநேரம் நின்றாள். போகமாட்டேன் என்றால் சாயங்காலம் வாசலில் நின்று அவரே அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்லுவார். போனால் ஒருவேளை யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடலாம். வேறு ஒரு பெயின்ட்டை வாங்கி வைத்து, கடைக்காரன் தப்பாகக் கொடுத்துவிட்டான் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். மகன் வீட்டுக்குள் வர வேண்டும். அதற்கு ஒரு பொய் போதும் என்றால் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் முனுசாமியின் ஆட்டோவில் டப்பாக்களை ஏற்றினார்கள்.

"பெயின்ட்டு கடையிலருந்து வூட்டுக்குப் போவும். வூட்லருந்து கடைக்குப் போறதை இப்பதான் பாக்கறேன் யக்கா."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"மருமவ வருதாமே இன்னிக்கி? பிரியாணியா, பாயசமா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. விமலு பஸ் ஸ்டாண்டுல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துகினு இருந்தான்." முனுசாமி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். "சரி, வாயை மூடிக்கிறேன்."

கடை மெயின் ரோட்டில் இருந்தது. டைல்ஸ், குழாய், கதவு, பெயின்ட் எல்லாம் ஒரே இடத்தில் விற்கிற பெரிய கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசி காற்று முகத்தில் அடித்தது. பெயின்ட் பக்கம் கவுன்ட்டரில் நின்ற ஜான்சன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"வாங்கம்மா. இன்னா வேணும்?"

"இதைத் திருப்பிக் குடுக்கணும்பா."

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. மூடியைத் தடவிப் பார்த்தான். "கலர் ஏத்துனதாச்சே. வெள்ளையா இருந்தா கண்ணை மூடிக்கினு வாங்கிக்கலாம். மெஷின்ல கலர் ஏத்திட்டா ரிட்டன் கிடையாதும்மா."

"மூடியைக்கூடத் தொறக்கல."

"தொறக்காட்டியும் உள்ள ஏறிட்ச்சில்ல. உங்க துண்டுக்குன்னே மெஷின் பாத்துச் சொன்ன கலரு. இதை வேற யாரு வாங்குவாங்க?"

லோகாம்பாள் கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வரவில்லை. அவள் அங்கேயே நிற்பதைப் பார்த்து ஜான்சனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கலரு புடிக்கலையா? ஒண்ணு செய்யலாம். ஏத்துனதை எடுக்க முடியாது. மேல இன்னொண்ணு ஏத்தலாம். மஞ்ச கொஞ்சம் விட்டா பச்சையா மாறிடும். கொஞ்சம் மங்கலா வரும், பரவால்லையா?"

பச்சை. அவர் தலையாட்டிய அதே பச்சை. லோகாம்பாளுக்கு மூச்சு வந்தது. யாரும் எதையும் திருப்ப வேண்டாம். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.

"பண்ணிக் குடுப்பா. இப்பவே பண்ணிக் குடு."

ஜான்சன் மூடி நெம்புகிற கம்பியைக் கையில் எடுத்தான். அப்புறம் நிறுத்தினான்.

"ஆனா வாங்கினவங்க சொல்லணும்மா. இது இளங்கோவன் மேஸ்திரி வாங்கினது. பொண்ணு வூட்டுக்குச் சீரு, இருக்கறதுலயே நல்ல சரக்கா குடுன்னு நின்னு வாங்கினாரு. டெய்லி வர்றவரு. அவரைக் கேக்காம நான் கை வெச்சா நல்லாருக்குமா?"

சீர்.

லோகாம்பாள் அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். விமல் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அப்பா டப்பாவை வாசலுக்கே வரவிடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டார் எதுவும் செய்யவில்லை. செய்ய யாரும் விடவில்லை. தட்டு இல்லை, பழம் இல்லை, வாசலில் வந்து நிற்கக்கூட இடமில்லை. ஒன்றரை வருஷம் கழித்து, தனக்குத் தெரிந்த தொழிலில், தன்னால் முடிந்ததை அந்த மனிதர் அனுப்பியிருக்கிறார். அதைத்தான் அவள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கவுன்ட்டரில் வைத்திருக்கிறாள்.

சீரைத் திருப்பி அனுப்புவது என்றால் அவர்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம்.

"மேஸ்திரி உங்களுக்கு இன்னா வேணும்?" என்றான் ஜான்சன்.

சாதாரணமாகத்தான் கேட்டான். முதலில் கேட்ட அதே கேள்வி போலத்தான் இருந்தது. ராமலிங்கத்தின் தம்பிகள் 'அந்தப் பக்கத்து ஆளுங்க' என்பார்கள். ராமலிங்கம் 'அவங்க' என்பார். லோகாம்பாளும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தாள். அந்த உறவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது இத்தனை நாளில் அவள் வாயில் வந்ததில்லை.

"வேண்டியவங்க" என்றாள்.

"அப்ப ஒரு வார்த்தை கேட்டுடறேன்." அவள் கை நீட்டித் தடுப்பதற்குள் அவன் போனைக் காதில் வைத்துவிட்டான். "எல்லம்மாக்கா, மேஸ்திரி போனை எடுக்கலையா? சரி, நீயே கடைக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போ. அன்னிக்கி வாங்கின டப்பா விஷயம். ஆமா, அவங்க வூட்லருந்துதான் வந்திருக்காங்க."

வெளியே முனுசாமி ஆட்டோவுக்குள் காலை நீட்டிக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தான். ஏறிப் போய்விடலாம். டப்பாக்களை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம். லோகாம்பாள் அசையவில்லை. கலர் கலக்கிற மெஷின் யாருக்கோ எதையோ குலுக்கிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு கடை ரொம்ப அமைதியாக இருந்தது.

எல்லம்மாள் வேகமாக வந்தாள். தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கவுன்ட்டரில் நிற்பது யார் என்று பார்த்ததும் நின்றாள். இருவரும் கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பார்க்காத மாதிரிப் போயிருக்கிறார்கள்.

"சம்பந்தி!" என்றாள் எல்லம்மாள். கடை முழுக்கக் கேட்டது. "நீங்களேவா வந்தீங்க? இன்னா, பத்தலையா? ரெண்டு டப்பா பத்தாதுன்னு நான் அன்னிக்கே அவராண்ட சொன்னேன். கேட்டாத்தானே. டேய் ஜான்சன், இன்னொண்ணு ஏத்துடா, அதே கலர்ல."

ஜான்சன் லோகாம்பாளைப் பார்த்தான். சம்பந்தி என்ற வார்த்தை அவனுக்கும் கேட்டிருந்தது.

"இல்லக்கா" என்றான் தயங்கி. "பத்தலைன்னு வரல. ரிட்டன்..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லம்மாள் டப்பாக்களைப் பார்த்தாள். கழுத்திலிருந்த டேப்பை உருவி, விரலில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். முழுவதும் சுற்றி முடித்தாள்.

"திருப்பறீங்களா?"

"பச்சைன்னு நெனச்சோம். நீலமா வந்துட்ச்சி" என்றாள் லோகாம்பாள். அது பொய்யில்லை. ஆனால் பொய் சொல்கிற குரலில்தான் வந்தது.

"பச்சையா? நான் கிழிச்சிக் குடுத்த துண்டு நீலம்."

"இவரு பாத்தப்போ பச்சை."

"எங்க அது?"

லோகாம்பாள் டப்பாவின் கைப்பிடியிலிருந்து துண்டை அவிழ்த்தாள். இருவரும் அதை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயிலுக்கு வந்தார்கள். எல்லம்மாள் ஒரு முனையைப் பிடித்தாள். லோகாம்பாள் மறு முனையைப் பிடித்தாள்.

"நீலம்" என்றாள் எல்லம்மாள்.

"பச்சை" என்றாள் லோகாம்பாள்.

"கண்ணுல இன்னா உங்களுக்கு? இங்க வந்து நில்லுங்க."

இடம் மாறினார்கள். லோகாம்பாளுக்கு இப்போது நீலமாகத் தெரிந்தது. எல்லம்மாள், "அட, பச்சைதான்" என்றாள். முனுசாமி முறுக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ரோட்டில் இரண்டு பெண்கள் ஒரு துண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது அவனுக்குக் கும்மி மாதிரி இருந்திருக்கும்.

நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். நிற்கிற பக்கத்துக்குத் தகுந்த மாதிரி மாறும். காஞ்சிபுரத்தில் பிறந்த இரண்டு பெண்களுக்கு இது தெரியாததல்ல. புடவையாக இருந்தால் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்த்திருப்பார்கள். பெயின்ட் என்றதும் யாருக்கும் தோன்றவில்லை.

"மெஷினுக்கு ரெண்டு பக்கம் தெரியுமா, பாவம்? அது நின்ன பக்கத்துக்கு நீலம்னு சொல்லிட்ச்சி" என்றாள் எல்லம்மாள். சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி. கலருதான் தப்புன்னா ஜான்சன் பச்சையாக்கிக் குடுப்பான். எனக்கொண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். கலருதான் காரணமா?"

லோகாம்பாள் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லம்மாள் நம்பிவிடுவாள், அல்லது நம்பிய மாதிரி இருந்துவிடுவாள். சாயங்காலம் மகன் வருவான், மருமகள் வருவாள், ஆரத்தி எடுக்கலாம். ஒரு லாரி போனது. அதன் பின்னால் ஒரு டவுன் பஸ் போனது.

"இல்ல" என்றாள்.

எல்லம்மாள் தலையாட்டினாள். "தெரியும். உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சி."

அப்புறம் சொன்னாள்: "அவரு காலையிலருந்து வாசல்ல உக்காந்து ரோலர் கழுவிக்கினு இருக்காரு. போனைக்கூட எடுக்கல. ஊரு வூட்டுக்கெல்லாம் அடிச்ச கை, எம் பொண்ணு வூட்டுக்கு நான்தான் அடிப்பேன்றாரு. நான் இப்ப போயி அவராண்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உங்க வூட்டுக்காரருக்கு வேணாம்னா அவரே வந்து சொல்லட்டும். வாசல்ல நின்னு, சீரு வேணாம்னு மூஞ்சைப் பாத்துச் சொல்லிட்டுப் போவட்டும். நாங்க ஒண்ணும் தின்னுட மாட்டோம். ஆட்டோல ஏத்தி கடைக்கு அனுப்பறதா சம்பந்தி? இது இன்னா, ஓட்டைக் குழாயா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் லோகாம்பாளால் அதைத் தாங்க முடியவில்லை.

உள்ளே ஜான்சன் இதற்குள் ஒரு டப்பாவின் மூடிக்கு அடியில் கம்பியைச் செருகியிருந்தான். "அப்ப மஞ்ச விடட்டா? ரெண்டு பேரும் பேசிட்டீங்கல்ல?"

"வேணாம்பா" என்றாள் லோகாம்பாள். "மூடு."

"பச்சை வேணாமா?"

"வேணாம். வண்டியில ஏத்திடு." கதவுவரை போனவள் திரும்பினாள். "இவங்க எனக்கு இன்னா வேணும்னு கேட்டியே. சம்பந்தி."

அவள் திரும்பி வந்தபோது ராமலிங்கம் கடையைச் சாத்திவிட்டு வந்து கேட்டருகே நின்றிருந்தார். வெயில் இறங்கியிருந்தது. ஆட்டோவில் டப்பாக்களைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. முனுசாமி ஒன்றைத் தூக்கி இறக்கப் போனான்.

"டேய், எறக்காத."

முனுசாமி தூக்கியபடியே நின்றான்.

"வாங்க மாட்டேன்னுட்டானா?"

"வாங்க மாட்டாங்களாம். நாம வாங்கின பெயின்ட்டு இல்லங்க அது. மேஸ்திரி அனுப்பின சீரு."

"எவன் கேட்டான் சீரு?"

"கேட்டு வாங்கினா அதுக்கு வேற பேரு."

ராமலிங்கம் அவளையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"திருப்பணும்னா நீங்க திருப்புங்க" என்றாள் லோகாம்பாள். "பாலாத்தங்கரைப் பக்கம் அவங்க தெரு. ஓட்டு கேக்க எப்படியும் அந்தத் தெருவுக்குப் போவீங்கல்ல, அதே தெருதான். வாசல்ல நின்னு, இந்தாப்பா உன் சீரு, எனக்கு வேணாம்னு அவரு மூஞ்சைப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. என்னால இனிமே முடியாது. நான் பாத்துட்டேன் அந்த அம்மாவை."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எதுன்னாலும் சீக்கிரம் சொல்லுங்க. கை அறுந்துபோது" என்றான் முனுசாமி.

அப்போதுதான் தெருமுனையில் பஸ் நின்றது. விமல்ராஜ் ஒரு கையில் பை, மறு கையில் பூவும் ஸ்வீட்டுமாக இறங்கினான். பின்னால் திரிஷா, கடையில் வேலைக்குக் கட்டும் புடவையிலேயே, முகம் மட்டும் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். வாசலுக்கு அவர்கள் வந்து சேரும்வரை யாரும் இடம் மாறவில்லை. ராமலிங்கம் கேட்டைப் பிடித்தபடி. லோகாம்பாள் கையில் துணியோடு. முனுசாமி கையில் டப்பாவோடு.

"இன்னா நைனா?" என்றான் விமல்ராஜ்.

திரிஷா டப்பாவைப் பார்த்தாள். அது வீட்டுக்குள் இல்லாமல் ஆட்டோவுக்கும் வாசலுக்கும் நடுவில் இருப்பதைப் பார்த்தாள். லோகாம்பாள் ஓரடி முன்னால் வந்தாள். இந்தப் பெண் இப்போது திரும்பிவிடுவாள். திரும்பி அதே பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.

"கண்ணு" என்றாள் அவசரமாக, துணியை நீட்டி. "இது இன்னா கலரு?"

திரிஷா அதை வாங்கவில்லை. வாங்காமலே சொன்னாள்.

"மயில் கழுத்து கலரு, அத்தை. நீலப் பாவு, பச்சை ஊடை. கடையில நாங்க ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டித்தான் விப்போம். ஒரு பக்கம் மட்டும் காட்டி வித்தா, அப்புறம் ரிட்டனுக்கு வந்து நிப்பாங்க."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தினமும் எத்தனையோ பேருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

லோகாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள். நாள் முழுக்கப் புடவை விரிக்கிற பெண். இந்தத் துணிக்கு இரண்டு பக்கம் உண்டென்று இவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் கொடுத்தாளா? தலையாட்டுகிறவர் பச்சையைப் பார்த்துத் தலையாட்டட்டும், சுவர் என்னவாக வருகிறதோ அப்படி வரட்டும் என்று விட்டாளா? கேட்கவில்லை. திரிஷாவும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

ராமலிங்கம்தான் அசைந்தார். லோகாம்பாள் கையிலிருந்து துணியை எடுத்தார். சாய்த்துப் பார்த்தார். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் துணியோடு தன் பைக்கை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போனார்.

"நான் இப்ப இதை இன்னா செய்யட்டும்?" என்றான் முனுசாமி.

"எறக்கு" என்றாள் லோகாம்பாள்.

அன்றைக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடலாம். லோகாம்பாள் ஆரத்தி எடுத்தாள். தட்டிலிருந்து கொஞ்சம் தளும்பிப் படியில் கொட்டியது. திரிஷா வலது காலை வைத்து உள்ளே வந்தாள். வந்தாளே தவிர, ராமலிங்கம் திரும்பி வரும்வரை கொண்டுவந்த பையைத் திறக்கவில்லை. விமல்ராஜ் பூவையும் ஸ்வீட்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். டப்பாக்கள் இரண்டும் வாசலுக்கு உள்பக்கமாக நின்றன. எல்லம்மாள் கடையிலிருந்து வீட்டுக்குப் போய் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். சொன்னபடி கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ராமலிங்கத்தைப் பற்றி, அந்தப் பக்கம் சவாரி போய் வந்த முனுசாமிதான் சொன்னான். அவருடைய வண்டி இளங்கோவன் வீட்டுக்கு நேர் எதிரே நின்றதாம். அவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாராம், இறங்கவில்லையாம். துணி அவர் கையில் இருந்தது. வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரோலர் கழுவிக்கொண்டிருந்த இளங்கோவன் அப்போது இன்னும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.